தீக்காயமும் பி.ஆர்.பி.யும்: எந்தக் கிருமி என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீழ் பிடித்த தீக்காயத்துக்கு நோயாளியின் ரத்தத்திலிருந்தே மருந்து எடுக்கலாம் என்று பி.ஆர்.பி. (தட்டணு செறிந்த பிளாஸ்மா) சிகிச்சை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீக்காய வார்டில் பல வருடம் டிரெஸ்ஸிங் செய்த செவிலியர் நான். நல்ல செய்திதான். ஆனால் ‘கிருமிகளைக் கொல்லும்’ என்று பொத்தாம்பொதுவாக முடித்துவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது.

டெங்கு வந்தாலே எல்லோரும் விசாரிக்கும் தட்டணுக்கள்தான் இதிலும். ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் மஞ்சள் பிளாஸ்மாவில் தட்டணுக்களைச் செறிவாக்கி, கால்சியம் சேர்த்து ஜெல்லாக்கிப் புண்ணில் வைப்பார்கள். புண்ணை ஆற்றும் புரதங்களோடு கிருமியைத் தாக்கும் சிறு புரதங்களும் தட்டணுக்களிலிருந்து வெளியே வரும். இதுவரை சரி.

போலந்து ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட சோதனைக்கூட ஆய்வில், இந்த ஜெல் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை என்ற இரண்டு கிருமிகளைக் கட்டுப்படுத்தியது. கிளெப்சியெல்லா என்ற கிருமியிடம் எடுபடவில்லை. சூடோமோனாஸிடமும் எடுபடவில்லை, அதன் வளர்ச்சியைத் தூண்டியதுபோலக்கூடத் தெரிந்தது. எங்கள் வார்டில் நாங்கள் அதிகம் பயந்ததே அந்த சூடோமோனாஸுக்குத்தான். கட்டைப் பிரிக்கும்போதே தெரிந்துவிடும்: காஸ் துணியில் பச்சை படிந்திருக்கும், குமட்டுகிற ஒரு தித்திப்பு வாடை வரும். புண்ணில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்துச் சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வருமுன்பே டாக்டரிடம் சொல்லிவிடுவோம்.

கருகிய தோலில் ரத்த ஓட்டம் கிடையாது. ஊசியில் போகும் ஆன்டிபயாடிக் அங்கே சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் செத்த தோலை நீக்குவதும், கழுவிக் கட்டுவதும், வெள்ளி கலந்த களிம்பு பூசுவதும். முதல் சில நாட்களைத் தாண்டிப் பிழைத்தவர்களைப் பிறகு கொண்டுபோவது பெரும்பாலும் ரத்தத்தில் பரவும் தொற்றுதான். பி.ஆர்.பி.யின் கிருமி எதிர்ப்போ சில மணி நேரத்தில் வலுவிழந்து, கிருமி மறுபடி வளர்வதையும் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, உடம்பில் பெரும்பகுதி வெந்தவருக்கு முதல் சில நாட்களில் தட்டணு எண்ணிக்கையே சரிந்துவிடும். அவரிடமிருந்து ரத்தம் எடுப்பது லேசான காரியமா?

இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற காலத்தில், சொந்த ரத்தத்திலிருந்து கிடைக்கும் எந்தத் துணையும் ஆராய வேண்டியதே. சென்னை கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகளில், எந்தக் கிருமிக்கு, எந்த நாளில், எந்த மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் என்று முறையாகப் பார்க்கட்டும். நம் அடுப்படிகளிலும் பட்டாசு ஆலைகளிலும் வெந்தவர்கள் வந்து சேருகிற இடங்கள் அவை.

‘சொந்த ரத்தமே மருந்து’ என்று படித்தால், வார்டு வாசலில் நிற்கும் அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாவது அதைச் செய்யச் சொல்வார். அவர்களையும் நினைத்து, அடுத்த முறை எழுதும்போது, ‘கல்ச்சரில் என்ன கிருமி வந்திருக்கிறது, அதற்கு இது கேட்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்’ என ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை