வெளியே கொடுத்த மின்சாரத்துக்கும் எங்களிடமே கட்டணமா? மின் பகிர்மான நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் திறனுள்ள சோலார் பேனல்களைப் பொருத்திய பிறகு வந்த முதல் இரண்டு கட்டணப் பட்டியல்களும் அதற்கு முந்தைய எந்தப் பட்டியலையும்விட அதிகமாக இருந்தன. வீட்டில் புதிதாக எந்தச் சாதனமும் வாங்கவில்லை. நல்ல வெயில் அடித்த மாதங்கள் அவை. மீட்டரில் கோளாறு இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதைக் கழற்றி எடுத்துச் சென்று சோதித்துவிட்டு, மீட்டர் சரியாகவே இயங்குகிறது என்று தங்கள் அலுவலகம் பதில் அனுப்பியது. அந்தப் பதில் பொய்யன்று. ஆனால் அது நான் எழுப்பிய கேள்விக்கான பதிலும் அன்று.

அந்த மீட்டர் வீட்டில் இருந்தபோதே நான் கவனித்த இரண்டு விவரங்களை என் முறையீட்டுடன் இணைத்திருந்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை என்பதால் இங்கே மீண்டும் எழுதுகிறேன். நாங்கள் 8 நாள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் சென்றிருந்தோம். ஓடிக்கொண்டிருந்தது குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான்; அது நாளொன்றுக்குச் சுமார் 1 யூனிட் எடுக்கும், அதிலும் பாதி பகலில் பேனல்களிலிருந்தே கிடைத்துவிடும். ஆகவே மீட்டர் இரவு நேரத்துக்கான 4 யூனிட் அளவுக்கு மட்டுமே நகர்ந்திருக்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தபோது 96 யூனிட் கூடியிருந்தது. அந்த 8 நாளில் பேனல்கள் தந்ததாக, அவற்றின் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் காட்டிய மொத்த உற்பத்தியும் 96 யூனிட்தான். பகலில் குளிர்சாதனப் பெட்டிக்குப் போன 4 யூனிட் போக, நாங்கள் தங்கள் கம்பிகளுக்குக் கொடுத்த 92 யூனிட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டதாகவே பதிவாகியிருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சந்தேகம் தீர, ஒரு நண்பகலில் குளிர்சாதனப் பெட்டியைத் தவிர மற்ற எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 3200 முறை மினுங்கினால் ஒரு யூனிட் என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. இன்வெர்ட்டர் ஓடியபோது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை மினுங்கியது. இன்வெர்ட்டரை நிறுத்தியதும் பத்துப் பதினோரு நொடிக்கு ஒருமுறையாகக் குறைந்தது. மின்சாரம் தயாரிப்பதை நிறுத்தினால் செலவு குறைகிறது என்று ஒரு மீட்டர் காட்டுமானால், அதற்குத் திசை தெரியவில்லை என்றுதான் பொருள்.

இது பழுதன்று, வடிவமைப்பு என்பதைத் தங்கள் பொறியாளர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். வட்டுச் சுழலும் பழைய மீட்டர்களில், பின்னோட்டத்தைத் தடுக்கும் அமைப்பு இல்லாவிட்டால், மின்சாரம் எதிர்த்திசையில் பாய்ந்தால் வட்டும் பின்னோக்கிச் சுழலும். இணைப்புக் கம்பிகளை மாற்றிக் கொடுத்து எண்ணைக் குறைக்கும் திருட்டுக்கு அது வழிவிட்டது. அதைத் தடுப்பதற்காகவே பல மின்னணு மீட்டர்கள் எந்தத் திசையில் பாய்ந்தாலும் அதை நுகர்வாகவே கூட்டும்படி அமைக்கப்பட்டன. திருடனுக்கு வைத்த பூட்டில் மின்சாரம் தருபவன் மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான்.

இப்போது தங்கள் ஆய்வகச் சோதனைக்கு வருகிறேன். சோதனை மேசையில் அளவறிந்த மின்னோட்டத்தை ஒரே திசையில், எடுக்கும் திசையில், செலுத்தி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். அறிக்கையில் எதிர்த்திசைச் சோதனை குறித்து ஒரு வரிகூட இல்லை. அளவைச் சரியாகச் சொல்லும் மீட்டர் திசையைத் தவறாகச் சொல்ல முடியும். முதலாவதைச் சோதித்துவிட்டு இரண்டாவதற்குச் சான்றிதழ் தர முடியாது. மேசையில் தேறுவது வீட்டில் தேறுவதற்கு உறுதியன்று என்பதும் புதிய செய்தியன்று. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 9 மின்னணு மீட்டர்களை டிம்மர் எனும் ஒளிக்குறைப்பான்களும் எல்.இ.டி. விளக்குகளும் உண்டாக்கும் ஒழுங்கற்ற மின்னோட்டத்தில் சோதித்தபோது, 5 மீட்டர்கள் உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டின. உச்ச அளவாக 582 விழுக்காடு அதிகம். அந்த ஆய்வு 2017இல் பரவலாகப் பேசப்பட்டது. என் வீட்டுச் சிக்கல் அதைவிட மிக எளியது. அதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் தேவையில்லை. கம்பிகளை மாற்றிக் கொடுத்து ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்.

என் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். எடுப்பதையும் கொடுப்பதையும் தனித்தனியாகப் பதியும் இருவழி மீட்டர் வருவதற்கு முன்பே இன்வெர்ட்டரை ஓடவிட்டேன். ஆனால் அதை நானாகச் செய்யவில்லை. கூரையைப் பார்வையிட்ட தங்கள் அலுவலர், இணைத்துப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் அனுமதி தந்து, மீட்டர் பின்னர் மாற்றப்படும் என்றார். பழைய மீட்டர் அதுவரை என்ன செய்யும் என்று அவரும் சொல்லவில்லை, பேனல் பொருத்தியவரும் சொல்லவில்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை. மீட்டரை மாற்றாமல் அனுமதி வழங்கும் வழக்கம் இருக்கும்வரை, ஒவ்வொரு புதிய சூரிய மின் வீட்டுக்கும் இந்த இடைவெளியில் இதே கதி நேரலாம்.

இருவழி மீட்டர் வந்த பிறகும் முறையீடு முழுமையாகத் தீரவில்லை. அதன் திரையில் எடுத்த யூனிட், கொடுத்த யூனிட், நிகர யூனிட் என்று எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறித் தோன்றுகின்றன. கணக்கெடுக்க வருபவர் அவசரத்தில் இருந்தால் முதலில் கண்ணில் படும் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடுகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், ஒரு நாளில் அவர் பார்க்க வேண்டிய வீடுகள் அத்தனை. கட்டணப் பட்டியலிலோ கடைசியில் கழித்து வந்த ஒரே எண்தான் அச்சாகிறது. எதிலிருந்து எதைக் கழித்தீர்கள் என்று தெரியாத நிலையில், தவறு நடந்தால் அதை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதனால் தங்களுக்கும் வீண் முறையீடுகள் வருகின்றன. இன்வெர்ட்டர் 300 யூனிட் உற்பத்தி காட்டுகிறது, மீட்டர் 180 மட்டுமே கொடுத்ததாகச் சொல்கிறது, மீதி 120 எங்கே என்று கேட்டு வருவோர் பலர். அது எங்கும் போகவில்லை. மீட்டரை எட்டும் முன்பே வீட்டுக்குள் செலவாகிவிட்டது. எடுத்ததும் கொடுத்ததும் தனித்தனியாக அச்சாகியிருந்தால், எடுத்ததோடு உற்பத்தியைக் கூட்டி, கொடுத்ததைக் கழித்து, தம் வீட்டின் உண்மையான செலவை அவர்களே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

மும்முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்புள்ள வீடுகளுக்கு இன்னொரு கேள்வி உண்டு. ஒருமுனை இன்வெர்ட்டர் ஒரு முனையில் 2 கிலோவாட் வெளியே தரும் அதே நேரத்தில் மற்ற இரு முனைகளிலும் சேர்த்து வீடு 2 கிலோவாட் எடுக்கலாம். மூன்றையும் சேர்த்துக் கூட்டும் மீட்டர் அப்போது சுழியம் காட்டும். முனைவாரியாகக் கூட்டும் மீட்டர் எடுத்த கணக்கு, கொடுத்த கணக்கு இரண்டிலும் எண்ணை ஏற்றும். எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் ஒரே விலையானால் இதில் இழப்பில்லை. கொடுப்பதற்குக் குறைந்த விலை தரப்படும் இடத்தில் இழப்பு வீட்டுக்காரருக்கு. தாங்கள் பொருத்தும் மீட்டர் எந்த முறையில் கூட்டுகிறது என்பதை இணைப்பு ஆணையிலேயே எழுதித் தருவதில் என்ன தடை?

எனவே, இருவழி மீட்டரைப் பொருத்தி, வீட்டுக்காரர் முன்னிலையில் இரு திசையிலும் ஓட்டிக் காட்டி, பழைய மீட்டரின் கடைசி எண்ணிலும் புதியதன் தொடக்க எண்ணிலும் இருவரும் கையொப்பமிட்ட பிறகே இன்வெர்ட்டரை இயக்க அனுமதியுங்கள். பட்டியலில் இரண்டு எண்களையும் தேதியுடன் அச்சிடுங்கள். தவறாகக் கூட்டிய மாதங்களின் கணக்கை இன்வெர்ட்டரின் அன்றாடப் பதிவுகளைச் சான்றாக ஏற்றுத் திருத்துங்கள். அது முடியும்வரை நிலுவை என்று சொல்லி இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

என் பழைய மீட்டர் இன்னும் தங்கள் ஆய்வகத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். அதன் முத்திரையை உடைத்து அப்புறப்படுத்துவதற்கு முன், ஒருமுறை எதிர்த்திசையில் மின்சாரம் செலுத்திப் பாருங்கள். நாளையும் நேரத்தையும் தெரிவித்தால் நானும் வந்து உடனிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் மின் நுகர்வோருள் ஒருவர்