தாலெத்தின் மூலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சுவடியில் ஒரு எழுத்து சந்தேகமாக இருந்தால் யார் சொல்வதை ஏற்பது என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் யூதர்களின் தோரா சுருள்தான் நினைவுக்கு வந்தது. ஆதியாகமம் முதல் உபாகமம் வரை ஐந்து நூல்கள் கொண்ட அவர்களுடைய வேதத்தை எபிரேயத்தில் கையால் எழுதிய சுருள் அது. புள்ளி வைக்காத ஓலையைப் படித்துப் பழகிய உனக்கு, உயிர்க்குறி இல்லாத எபிரேயத்தின் சிக்கல் சட்டென்று பிடிபடும்.

சுருளில் மொத்தம் 3,04,805 எழுத்துகள். உயிர்க்குறி, இசைக்குறி, நிறுத்தற்குறி எதுவும் கிடையாது. உண்ணத் தகுந்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி, கூர்முனையால் கோடு கீறி, இறகுப் பேனாவால் எழுதுகிறார்கள். மையும் நமக்குப் பழக்கமான சரக்குதான்: மாசிக்காய், அன்னபேதி, பிசின். எழுதுபவருக்கு முழுதும் மனப்பாடமாக இருந்தாலும் மூலப்பிரதியைப் பார்த்தே எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொன்ன பிறகே பேனா தோலைத் தொடலாம்.

ஒரு எழுத்தைக் கிட்டத்தில் பார். எபிரேயத்தின் ‘த’கர எழுத்தான தாலெத், ‘ர’கர எழுத்தான ரேஷ் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். மேலே ஒரு கோடு, வலப்பக்கம் இறங்கும் ஒரு கால். மூலை கூராக இருந்தால் தாலெத், வளைந்திருந்தால் ரேஷ். உபாகமம் 6:4இல் ‘கர்த்தர் ஒருவரே’ என்னும் இடத்தில் வரும் சொல் எஹாத். அதன் கடைசித் தாலெத்தின் மூலை மழுங்கினால் ‘வேறொருவர்’ என்று பொருள் தரும் அஹேர் ஆகிவிடும். அதனால்தான் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள் என்று சொல்வார்கள்.

சரி, ரேஷ் வர வேண்டிய இடத்தில் தவறிப்போய்த் தாலெத் விழுந்துவிட்டது. மூலையைக் கொஞ்சம் சுரண்டினால் ரேஷ் கிடைத்துவிடுமே? கூடாது. எழுத்து எழுதிப் பிறக்க வேண்டும், சுரண்டிப் பிறக்கக் கூடாது என்பது விதி. மை காய்ந்த பின் எழுத்தையே கத்தியால் சுரண்டியெடுத்து, மறுபடி எழுத வேண்டும். பிழை இறைவனின் பெயரில் விழுந்தால் அதுவும் முடியாது. அந்தப் பெயரை அழிக்கவே கூடாது. அந்தத் தோல்தாளையே பிரித்தெடுத்துப் புதிதாக எழுதித் தைக்கிறார்கள். எடுத்த தாளை மண்ணில் புதைக்கிறார்கள்.

நீ கேட்டதற்கான பதில் இனிதான். மை உதிர்ந்து எழுத்து இதுவா அதுவா என்று ஐயம் வந்தால், பண்டிதரைக் கேட்பதில்லை. எழுத்து தெரிந்த, ஆனால் பொருள் புரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். பண்டிதருக்கு வாக்கியம் தெரியும். அவர் கண் இருப்பதை விட்டுவிட்டு இருக்க வேண்டியதைப் படித்துவிடும். குழந்தை சரியாகச் சொன்னால் எழுத்து செல்லும். எழுத்து கண்ணுக்குத் தெரிய உடைந்தோ பக்கத்து எழுத்தோடு ஒட்டியோ இருந்தால் குழந்தையைக் கேட்கும் பேச்சே இல்லை.

இத்தனை பிழையும் எப்படிக் கண்ணில் படுகிறது என்றால், சுருளைப் பூட்டி வைப்பதில்லை. 54 பகுதிகளாகப் பிரித்து வாரம்தோறும் சபையில் வாசிக்கிறார்கள். ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் வாசிப்புக்கு ஏழு பேரை அழைப்பார்கள். வாசிப்பவர் கைவிரல் படாமல், யாத் என்ற கோலால் வரியைத் தொடர்வார். பொருள் மாறும்படி உச்சரித்தால் சபையே குரல் கொடுத்துத் திருத்தும். அவர் திரும்ப வாசிக்க வேண்டும். நடுவில் பெரிய பிழை தென்பட்டால் வாசிப்பை நிறுத்தி வேறு சுருளை எடுப்பார்கள். பழுதுபட்டதற்கு, சுருளைச் சுற்றிக் கட்டும் கச்சையை உறைக்கு வெளியே கட்டிவைப்பது வழக்கம். அடுத்த முறை யாரும் தவறி எடுத்துவிடாமல் இருக்க. ஆண்டு வாசிப்பு முடியும் சிம்ஹாத் தோரா திருநாளில் ஒரு சுருளில் உபாகமத்தை முடித்த கையோடு இன்னொன்றில் ஆதியாகமத்தைத் தொடங்குகிறார்கள்.

இந்த வாசிப்புக்குப் பத்துப் பேர் வேண்டும். இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் என்ற பிரார்த்தனைக்கும் அதே பத்துப் பேர். கதீஷில் சாவைப் பற்றி ஒரு சொல் இல்லை, முழுக்க இறைப்புகழ்தான். ஆமென் சொல்ல ஆள் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. பெற்றோருக்குப் பதினொரு மாதம் சொல்கிறார்கள். ஏன் பன்னிரண்டு இல்லை? தீயோருக்கான தீர்ப்புதான் பன்னிரண்டு மாதம் என்பது மரபு. பெற்றவரை அந்த வரிசையில் நிறுத்த எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. ஆண்டு நினைவுநாளில் பலர் தவறுவது தேதியில். எபிரேய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும், ஆகவே இரவு எட்டு மணிக்கு இறந்தவருக்கு மறுநாள் திதி.

அந்தப் பத்துப் பேரும் இல்லாமல் போன ஊர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. இன்றைய செக் நாட்டின் பகுதிகளான பொஹீமியா, மொராவியாவின் யூதர்களை நாஜிகள் நாடுகடத்திக் கொன்ற காலத்தில், அவர்களுடைய சுருள்கள் பிராகாவில் தேங்கின. போர் முடிந்தும் அவற்றை வாசிக்க ஆள் இல்லை. 1964இல் 1,564 சுருள்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஜெப ஆலயத்துக்கு வந்து சேர்ந்தன. ஈரம் பட்டவை, எரிந்தவை, கிழிந்தவை எல்லாம் இருந்தன. திருத்த முடிந்தவற்றைத் திருத்தி, உலகெங்கும் உள்ள சபைகளுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். பெற்ற சபைகள் பல, சுருள் எந்த ஊருடையது என்று தேடி, அந்த ஊர்க்காரர்களுக்காகக் கதீஷ் சொல்கின்றன. திருத்த முடியாதவை கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. அவையும் சாட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை அவிழ்த்து, பிழை பார்த்து, உரக்க வாசிக்கிற சுருளில்தான் அந்த ஊர் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உன் சுவடிக்கு வருவோம். ‘ர’வா, துணைக்காலா என்ற தகராறைக் குழந்தை தீர்க்காது, ஓலையில் இரண்டும் ஒரே வடிவம், அங்கே பொருள்தான் துணை. பூச்சி அரித்த இடத்தில் ‘க’வா ‘த’வா என்று நிற்கிறாயே, அதற்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை உட்கார வைத்துப் பார். பாட்டைச் சொல்லிவிடாதே, எழுத்தை மட்டும் காட்டு. என்ன சொன்னது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்