என் மகளுக்குக் காலை உணவு வேண்டாம் என்று எழுதித் தர மாட்டேன்

பள்ளிக் காலை உணவு, சத்துணவு, அங்கன்வாடித் திட்டங்களை நடத்தும் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் என் மகள் படிக்கும் அரசு தொடக்கப் பள்ளியில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். 'என் பிள்ளைக்குக் காலை உணவு தேவையில்லை, என் சொந்த விருப்பத்தின் பேரில் மறுக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பெயர் பட்டியலில் இருக்கிறது, பிள்ளை சாப்பிடுவதில்லை, ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் யார் பதில் சொல்வது என்றார்கள். அவர்களுடைய சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை. இனிமேலும் போட மாட்டேன்.

அந்தக் காலை உணவு எங்களுக்கு வேண்டும். என் மகள் சாப்பிடக்கூடியதாக வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்குச் சீலியாக் நோய். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். கோதுமை, பார்லி எதுவும் ஆகாது. அப்படியென்றால் ரவை, மைதா, சேமியா எல்லாமே ஆகாது. உள்ளே போனால் அவள் உடம்பே அவள் சிறுகுடலைப் புண்ணாக்குகிறது, அப்புறம் சாப்பிடுகிற எந்தச் சத்தும் ஒட்டுவதில்லை. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. ஆயுள் முழுக்கக் கோதுமையை விலக்குவது ஒன்றுதான் வைத்தியம். சான்றிதழைப் பள்ளியில் சேர்க்கும்போதே கொடுத்துவிட்டேன். இப்போதும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

உங்கள் காலை உணவுப் பட்டியல் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவா கிச்சடி. நடுவில் வெண்பொங்கல். அரிசி உப்புமாவும் பட்டியலில் உண்டு. எந்த நாளில் எது என்பது அன்றைக்கு அங்கே இருக்கும் சாமானைப் பொறுத்தது.

நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். விடிந்தும் விடியாமலும் வேன் வந்து முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். இந்தத் திட்டத்தை 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்தபோது, எங்கள் லைனில் இருக்கிற பெண்கள் எவ்வளவு நிம்மதி அடைந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டு நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து மனசு அடித்துக்கொள்வது நின்றது. எங்களைப் போன்ற வீடுகளுக்காகவே வந்த திட்டம் இது. என் வீட்டு வாசலில் மட்டும் நின்றுவிட்டது.

நான் இட்லியைக் கட்டி வைத்துவிட்டுப் போகிறேன். அவள் பள்ளிக்குப் போவதற்குள் அது ஆறிக் காய்ந்துவிடும். வெளிச் சாப்பாடு வரிசையில் கூடாது என்பதால் அவளைத் தூண் ஓரமாக உட்கார வைக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் தட்டில் உப்புமாவில் ஆவி பறக்கும். அவள் டப்பாவைத் திறந்து, மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. அவளாகவே மறைக்கிறாள். சில நாள் டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்கு வருகிறது. கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் காலையில் பசிக்காமல் இருக்குமா?

சமைக்கிற அக்கா சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர், நல்ல மனுஷி. பொங்கல் போடுகிற நாளில் இவளுக்கு முதலில் எடுத்து வைத்துவிடலாமே என்று அவரே சொன்னார். அடுத்த வாரமே தயங்கினார். 'மேலிருந்து எழுத்தில் ஒரு வார்த்தை வரட்டும் கண்ணு, நான் தனிச் சட்டியே வைக்கிறேன். எழுத்தில் இல்லாமல் செய்து பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என் தலைதான் உருளும்' என்றார். அவர் சொல்வதில் என்ன தப்பு? அந்த ஒரு வார்த்தையைத்தான் உங்களிடம் கேட்கிறேன். சீலியாக் என்று மருத்துவர் சான்று கொடுத்த பிள்ளைக்குக் கோதுமை இல்லாத காலை உணவு தர வேண்டும் என்று எழுத்தில் ஓர் ஆணை போடுங்கள்.

செலவு பெரிதாக எதுவும் இல்லை. ரவை கிளறுவதற்கு முன்பே ஒரு சிறு பாத்திரத்தில் அரிசி உப்புமாவோ பொங்கலோ செய்து மூடிவிட வேண்டும். அதற்கென்று ஒரு கரண்டி. உப்புமாவில் போட்ட கரண்டியை அப்படியே சாம்பாரில் விட்டால் அந்தச் சாம்பாரும் அவளுக்கு ஆகாது. கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் அவளுக்கு ஆகாதது. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொட்டலத்தில் போட வேண்டுமானால் அது கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. கரண்டியில் ஒட்டியிருக்கிற ரவையே அதைத் தாண்டிவிடும்.

பெருங்காயத்தையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவுதான், பலவற்றில் அது மைதாவோ கோதுமை மாவோதான். டப்பாவின் பின்னால் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் போட்டிருப்பார்கள். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. மதியம் சத்துணவு சோறு என்பதால் இந்த ஒன்றை மாற்றினாலே பெரும்பாலும் அவள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். இவ்வளவுதான் ஐயா, இவ்வளவுதான் அம்மா.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோய் தெரிவதற்கு முன்னால் இவள் அங்கன்வாடிக்குப் போனாள். வயிறு உப்பி, கை கால் குச்சியாக இருந்தாள். எடை ஏறவில்லை என்று சத்துமாவை விடாமல் கொடுக்கச் சொன்னார்கள். நானும் வேளை தவறாமல் உருண்டை பிடித்து ஊட்டினேன். அந்த மாவில் அதிகம் இருப்பது கோதுமை. ஊட்ட ஊட்டப் பிள்ளை இளைத்தாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள், கண் பட்டிருக்கும் என்று சுற்றிக்கூடப் போட்டோம். கடைசியில் கண்டுபிடிக்க உதவியது ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் எண்டாஸ்கோப்பி. தேறாத பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ரத்தப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் ஒரு தடவை செய்தால் என்ன? கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும், நிறுத்திவிட்டால் சோதனை சரியாகக் காட்டாது. இது களத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நம் பக்கம் இது அபூர்வம் என்பீர்கள். எங்கள் மருத்துவர் காட்டிய 2016-ஆம் ஆண்டு ஆய்வும் அதைத்தான் சொல்கிறது. ரத்தப் பரிசோதனையில் சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் தெரிந்தது வடக்கே பெரியவர்களில் நூற்றுக்கு 1.23 பேருக்கு, தெற்கே 0.10 பேருக்கு. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான், மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை சராசரியாக 455 கிராம், இங்கே 25 கிராம். இன்றைக்குப் பிஸ்கட், ரஸ்க், பரோட்டா, ராத்திரிச் சப்பாத்தி என்று வளர்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பழைய கணக்கு எத்தனை நாள் பொருந்தும்? அதோடு, அபூர்வம் என்றால் செலவும் குறைவுதானே. ஒரு பள்ளியில் ஒரு பிள்ளை இருந்தாலே பெரிது.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் சீலியாக் இல்லை. அதனால் அட்டை இல்லை, உதவித்தொகை இல்லை. குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்த பிஸ்கட்டை விலை பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு வருகிறோம். அதை இந்த மடலில் நான் கேட்கவில்லை. மூன்று வேளையும் பாஸ்தா, பிரெட் என்று வாழும் இத்தாலியில், பள்ளியிலும் மருத்துவமனையிலும் கேட்டவருக்குக் குளூட்டன் இல்லாத சாப்பாடு கொடுத்தாக வேண்டும் என்று 2005-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அரிசி விளைகிற ஊரில், அரிசி ஸ்டோர் ரூமில் மூட்டையாக இருக்கும் பள்ளியில், என் மகள் தூணோரம் உட்கார வேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

கோபத்தில் வார்த்தை ஏதும் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசையில் எத்தனையோ கோப்புகள் இருக்கும் என்று தெரியும். ஒரு பக்க ஆணை போதும். மருத்துவச் சான்று இருந்தால் கோதுமை இல்லாத காலை உணவு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, மைதா சேராத பெருங்காயம். சமைக்கிறவர்களுக்கு அரை நாள் விளக்கம். அந்த ஆணையின் நகல் பள்ளிக்கு வந்த அன்றே, என் மகளுக்குக் காலை உணவு வேண்டும் என்று நானே என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தயவுசெய்து இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா