பின்னல் பழகுவோர் முதலில் பிரிக்கப் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பளி நூல் பின்னலை ஆசையாகத் தொடங்கும் பலர், சில நாட்களிலேயே ஊசிகளைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். தங்களுக்கு விரல் வளையவில்லை என்று நொந்தும் கொள்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் விரலில் இல்லை. எடுத்த நூலிலும், தப்பைப் பிரித்துச் சரிசெய்யத் தெரியாததிலும்தான் இருக்கிறது.

கறுப்பு நூலிலும் மொசுமொசுவென்ற நூலிலும் கண்ணி, அதாவது ஊசியில் ஏறும் நூல் வளையம், எங்கே இருக்கிறது என்று பழகிய கண்ணுக்கே தெரியாது. வெளிர் நிறத்தில், வழவழப்பாக முறுக்கிய, நடுத்தரக் கனமுள்ள கம்பளி நூலே போதும். ஊசி 4 அல்லது 5 மி.மீ.; மூங்கில் ஊசி என்றால் கண்ணி எளிதில் நழுவாது. பருத்தி நூல் இழுப்புக்கு நெகிழாது, கை சீக்கிரம் வலிக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

20 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட் கண்ணியாகவே (நூலைப் பின்பக்கம் வைத்துப் போடுவது) போடுங்கள், ஓரம் சுருளாது. ஒரு வரிசை நிட், அடுத்தது பர்ல் (நூலை முன்பக்கம் வைத்துப் போடுவது) என்று போட்டால் முகப்பு வழவழப்பாக வரும். ஆனால் பக்க ஓரங்கள் பின்னாலும், மேல் கீழ் ஓரங்கள் முன்னாலும் சுருண்டுகொள்ளும். அது பிழையல்ல, அந்தப் பின்னலின் சுபாவம். இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அக்ரிலிக் நூலாக இருந்தால் சூட்டில் துவண்டே போய்விடும்.

20 கண்ணி எப்படியோ 24 ஆகிவிடுகிறது என்பதுதான் எல்லோருடைய புலம்பலும். வரிசைத் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்கு இழுத்தால், முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலேறி இரண்டு கண்ணி போலத் தெரியும். நடுவில் நூல் கவனிக்காமல் முன்பக்கம் வந்துவிட்டால், ஊசிமேல் ஒரு சுற்று கூடி, அந்த இடத்தில் ஓட்டை விழும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணினால், பிரிக்க வேண்டியது ஒரே வரிசைதான்.

கண்ணி நழுவினால் கீழே ஏணிபோல இறங்கும். கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, படிகளை அடியிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தால் மேலே வந்து சேரும். கடினமான வேலையில் பத்து வரிசைக்கு ஒருமுறை, வேறு நிற மெல்லிய நூலை எல்லாக் கண்ணிகளிலும் கோத்து வையுங்கள். எவ்வளவு பிரித்தாலும் அங்கே நின்றுவிடும்.

ஸ்வெட்டருக்கு முன்னால் 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, அலசிக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று பாருங்கள். இதைச் சோம்பலில் விடுகிறவர்களே அதிகம். ஸ்வெட்டருக்கான பின்னல் குறிப்பில் 20 கண்ணி, உங்களுக்கு 22 என்றால், 200 கண்ணியில் 100 செ.மீ. வரவேண்டிய சுற்றளவு 91 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். கையைத் தளர்த்திப் பார்ப்பது நிலைக்காது, ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள்.

பழக்கம் பிடித்துவிட்டால் "இன்னும் ஒரே ஒரு வரிசை" என்று நள்ளிரவு ஆகும். அரைமணிக்கு ஒருமுறை மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுங்கள். வரிசை நடுவில் வைக்க நேர்ந்தால், திரும்ப எடுக்கும்போது உருண்டையிலிருந்து வரும் நூல் தொங்கும் ஊசி வலக்கையில் இருக்க வேண்டும். நூல் வாங்கும்போது சீட்டிலுள்ள சாய எண் எல்லா உருண்டைகளிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் மாறினால் முதுகில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம் ஆகிவிடும்.

இப்படிக்கு,
பின்னல் பயிற்றுநர் ஒருவர்