அவரை உயர்த்தியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

படை அதிகாரிகளின் கொடுமைகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கெட்ட அதிகாரியை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனி அதில் இருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையில் இலங்கை இராணுவத்தின் காவலரண் ஒன்று இருந்தது. தினமும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அங்கே நின்ற சிங்களப் பெடியன் ஒருவன் தலையசைத்து என்னை விட்டுவிடுவான். ஒருநாள் புதிதாக வந்த பொறுப்பதிகாரி அவனுக்குப் பின்னால் நின்றார். அன்றைக்கு அதே பெடியன் என் பையைக் கவிழ்த்து விடைத்தாள்களை மண்ணில் கொட்டினான். அவன் கை நடுங்கியதைக் கண்டேன். சில மாதங்களில் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். பதவி உயர்வோடு போனார் என்று சொன்னார்கள். அவரை உயர்த்தியது யார்?

ஓர் அதிகாரியை மதிப்பிட்டு எழுதுகிறவர் அவருடைய மேலதிகாரி. காரியம் முடிந்ததா என்றுதான் அவர் பார்ப்பார். கீழே யார் மிதிபட்டார்கள் என்பது அவர் மேசைக்கு வராது. முறையிட்டவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர்தான் மிஞ்சும். அப்படி மேலே போனவர் அடுத்தும் தன்னைப் போன்ற ஒருவரைத்தான் தெரிந்தெடுப்பார். அமெரிக்கத் தரைப்படை, சில நூறு சிப்பாய்கள் கொண்ட பட்டாலியன்களுக்குக் கட்டளை அதிகாரிகளைத் தெரிந்தெடுக்கும்போது, அவர்களின் கீழ் வேலை செய்தவர்களிடமும் கருத்துக் கேட்கத் தொடங்கியது 2020இல்தான். அங்கேயே இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

அவுஸ்திரேலியாவில் 2020 நவம்பரில் வெளியான பிரெரட்டன் அறிக்கையையும் பாருங்கள். ஆப்கானிஸ்தானில் அவுஸ்திரேலியச் சிறப்புப் படையினரால் 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு என்றது அது. ரோந்துத் தலைவர்கள் சிலர், புதிய சிப்பாய்க்கு முதல் கொலை பழகவேண்டும் என்று கைதிகளைச் சுட வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவனுக்கு வெட்கம் வராதபடி ஒரு போர்வீரப் பெருமை அந்தப் படைக்குள் வளர்ந்திருந்தது.

இங்கே? 2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் தமிழ்ப் பொதுமக்கள் 8 பேர் கொல்லப்பட்டார்கள், அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்காக 2015இல் ஓர் இராணுவ சார்ஜன்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் அவருக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. ஒழுங்காக நடந்த அதிகாரிகளும் சிப்பாய்களும் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள்?

ஆமியை மட்டும் சொல்லி நான் தப்பமாட்டேன். போரின் கடைசிக் காலத்தில் வன்னியில் வீடு வீடாகப் பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துப் போன எங்கள் பக்கப் புலிகளின் பொறுப்பாளர்களும் இப்படித்தான் வளர்ந்தார்கள். எத்தனை பேரைக் கொண்டுவந்தாய் என்பதுதான் அவர்களுக்கான அளவுகோல். என் வகுப்பு வாங்குகள் அப்படித்தான் வெறுமையாகின.

தயவுசெய்து இன்னொரு கட்டுரை போடுங்கள். இலங்கைப் படையில் பதவி உயர்வை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்று ஓய்வுபெற்ற அதிகாரிகளிடம் கேளுங்கள். படையை விட்டு ஓடிய சிப்பாய்களுக்கு அரசு பல தடவை பொதுமன்னிப்புக் காலம் அறிவித்திருக்கிறது. அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பதையும் அவர்களிடமே விசாரித்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மாங்குளம்.