சவரக்கத்திப் பிடியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மடக்குச் சவரக்கத்தியின் விரிசல் விட்ட பிடியைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக் குறிப்புப் பகுதியில் வந்திருந்தது. அதை நம்பி யாரும் பசையைப் பிழிவதற்குள் இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டால் நல்லது. பிடி கத்திக்கு உறை, அதோடு வில்லும்கூட. பிடியின் இரண்டு பட்டையும் லேசாக வளைந்து, ஆணி செல்லும் கத்தியின் கழுத்தை இருபுறமும் அழுத்தி நின்றால்தான், மூடும்போது கத்தியின் வாய் எங்கும் உரசாமல் நடுவில் போய் அடங்கும். ஒட்டிய இடம் வளைந்து கொடுக்காது. நாலு தடவை திறந்து மூடினால் அதற்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும்.

அதைவிட மோசம் செல்லுலாய்டு பிடி. தாத்தா காலத்து இங்கிலாந்து ஷெஃபீல்டு, ஜெர்மனி ஸோலிங்கன் கத்திகள் பலவற்றில் இருப்பது இதுதான். பட்டையைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். செல்லுலாய்டு பழசாகும்போது உள்ளிருந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆவி கிளம்பும். காற்றின் ஈரம் சேர்ந்தால் அது அமிலமாகிவிடும். மே முதல் அக்டோபர் வரை யாங்கோனில் ஈரத்துக்குக் குறைவா? கத்தியைத் திறந்து பாருங்கள். பிடிக்குள் அடங்கும் பகுதியில் மட்டும் துரு படர்ந்து, வெளியே நிற்கும் முதுகு பளபளவென்று இருந்தால், பிடிதான் கத்தியைத் தின்கிறது. வெள்ளைப் பட்டையைவிட, ஆமையோடு போல ஒளி ஊடுருவும் பட்டை சீக்கிரம் அழுகும். அதைக் கழற்றி வீசிவிட வேண்டும். மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அதில் வேகமாக டிரில் ஓட்டுவதும் ஆபத்து.

கழற்றும்போது நெம்பக் கூடாது. பட்டைகளைப் பிணைக்கும் ஆணியின் தலையை வாஷரோடு சமமாக அராவிவிட்டு, ஆணி தள்ளும் மெல்லிய எஃகுப் பஞ்ச் வைத்துத் தட்டினால் ஆணி மறுபக்கம் வந்துவிடும். கத்தியின் வாய்க்கு முன்னதாகவே இரண்டு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள்.

புதுப் பிடிக்கு நம் ஊரில் மரத்துக்கா பஞ்சம்? தேக்குதான் கைக்கு எட்டுகிறது என்று பலர் அதையே எடுக்கிறார்கள். 2 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்தபிறகு ஆணித் துளையில் அது பிளந்துகொள்ளும். படாக் மரம் அதைவிட உறுதி, பர்மிய ரோஸ்வுட்டான தமலான் இன்னும் உறுதி. நாற்காலி, மேசைப் பட்டறைகளில் கழித்துப் போடும் துண்டே போதும். இரண்டின் தூளும் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது, முகமூடி கட்டாயம். எருமைக் கொம்பு அழகுதான். அதைக் கொதிநீரில் இளக்கி, இரு பலகைக்கு நடுவே இறுக்கி ஆறவிட்டுத்தான் தட்டையாக்க வேண்டும். நெருப்பில் காட்டினால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். யானைத் தந்தத்தை யார் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்காதீர்கள்.

பிடியின் வடிவத்தை முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். 6/8 அங்குல அகலக் கத்திக்கு 150 முதல் 155 மில்லி நீளம் பொதுவாகச் சரியாக வரும். மூடியபோது முதுகு சற்று வெளியே தெரிய வேண்டும். வாய் முழுதும் உள்ளே மறைய வேண்டும், ஆனால் நுனி, பிடியின் பின்முனையில் பட்டைகளுக்கு நடுவே வைக்கும் ஆப்பைத் தொடக் கூடாது. அட்டை சரியானபின், 3 மில்லி கனமுள்ள இரண்டு பட்டைகளை இருபக்கமும் ஒட்டும் டேப்பால் ஒன்றாக்கி, வடிவம் வெட்டுவதற்கு முன்பே துளை போட்டுவிட வேண்டும். ஆணி 1.6 மில்லி என்றால் துளை 1.7. நிற்கும் டிரில்லில் நேர் செங்குத்தாகப் போடுங்கள். துளை அரை மில்லி சாய்ந்தாலும் கத்தி ஒரு பக்கம் இடிக்கும். கத்தியின் துளை பெரிதாக இருந்தால் அதைத் தொடாதீர்கள், உள்ளே பித்தளைக் குழாய்த் துண்டைச் செருகிக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் தோற்பது ஆப்பில்தான். பின்முனையில் இரு பட்டைக்கும் நடுவே உட்காரும் இந்தச் சின்னத் துண்டுக்கு 10 அல்லது 12 மில்லி நீளம் போதும். பழைய ஷெஃபீல்டு கத்திகளில் ஈயம் வைத்தார்கள், கொம்போ எலும்போ வைத்தாலும் சரிதான். கனம் கத்தியைப் பார்க்கும் பக்கம் சுமார் 2.5 மில்லி, கடைசி முனையில் 1 மில்லி. ஆப்பைப் பட்டைகளுக்கு நடுவே வைத்து, கடிகாரம் பழுது பார்ப்பவர்களிடம் இருக்கும் மெல்லிய திருகாணியால் தற்காலிகமாக இறுக்குங்கள். இப்போது மறுமுனையில் பட்டைகளின் இடைவெளி, கத்திக் கழுத்தின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி அதை மூடும்போது வருகிற அந்த விறைப்புதான் பிடியின் உயிர். விறைப்பே இல்லையென்றால் ஆப்பில் சரிவு போதவில்லை, பட்டையின் நடுப்பகுதி கத்தியில் உரசும். நெருக்கி அழுத்தினால்தான் மூடுகிறது என்றால் சரிவு கூடிவிட்டது, மழைக்காலம் முடிந்து மரம் காயும்போது துளையோரம் கீறல் விடும். கத்தி இடப்பக்கம் சாய்கிறதா, வலப்பக்கமா என்று பார்த்து, ஆப்பின் ஒரு முகத்தை மட்டும் 400 உப்புத்தாளில் நாலைந்து இழுப்பு தேயுங்கள். மறுபடி மாட்டிப் பாருங்கள். இதைப் பத்துத் தடவை செய்ய வேண்டியிருந்தாலும் செய்துதான் ஆக வேண்டும். ஆணி அடித்தபின் ஆப்பைத் திருத்த வழியே கிடையாது.

மெருகுக்கு 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 220, 400, 600, 1000 என்று ஏறுங்கள். பட்டை ஒவ்வொன்றும் 2 மில்லிக்கு வந்தபின் எண்ணெயோ அரக்கோ பூசலாம். உள்பக்கத்துக்கும் பூச வேண்டும். வெளியே மட்டும் பூசினால் உள்பக்கம் ஈரம் குடித்துப் பட்டை முறுக்கிக்கொள்ளும்.

ஆணி பித்தளை அல்லது ஜெர்மன் சில்வர் (நிக்கல் கலந்த செம்புக் கலவை) கம்பி. ஆப்பு முனையை முதலில் அடியுங்கள், கத்தி முனையைக் கடைசியில். வாஷருக்கு மேல் 1 மில்லிதான் நீட்டி நிற்க வேண்டும். கூடுதலாக விட்டால் தலை விரிவதற்குப் பதில் உள்ளே கம்பி வளைந்து பட்டையைப் பிளக்கும். உருண்டைத் தலைச் சிறு சுத்தியலால் இலேசாக, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி, ஐந்தாறு தட்டுக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு அடியுங்கள். அவசரப்பட்டு ஓங்கி ஒரே அடி அடித்தால் அதுவரை செய்த வேலை எல்லாம் வீண். கத்தியைப் பாதி திறந்து கிடைமட்டமாகப் பிடித்தால் தானாக விழாமல் நிற்க வேண்டும், அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். தளர்வாக இருந்தால் பிறகு இரண்டு தட்டு தட்டி இறுக்கிக்கொள்ளலாம். இறுகிப்போனால் ஆணியை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஆயுத பூசைக்குக் கத்தியைக் கழுவிப் பொட்டு வைப்பவர்கள், பூசை முடிந்ததும் சந்தனத்தைத் துடைத்து, கழுத்து ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். ஈரம் முதலில் தங்குவது அங்கேதான்.

இப்படிக்கு,
பழைய கத்திகளுக்குப் பிடி போடும் ஒரு வாசகர்,
யாங்கோன்.