எந்த ‘நான்’ பொய்?

ஆசிரியருக்கு வணக்கம். ‘நான் என்பதே மாயை’ என்ற வரியை எல்லா ஆன்மிக மரபுகளின் ஒருமித்த முடிவாக எழுதுவது தவறு. பௌத்தம் மனிதரை உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என ஐந்து கந்தங்களாக, அதாவது தொகுதிகளாகப் பகுத்து, அவற்றில் நிலையான உயிர் எதுவும் இல்லை என்கிறது. ஆன்மாவும் பிரம்மம் என்னும் பரம்பொருளும் ஒன்றே என்னும் அத்வைதமோ ஆன்மாவை மறுப்பதில்லை. உடலையும் மனத்தையும் ‘நான்’ என்று பற்றும் அகந்தையைத்தான் பொய் என்கிறது. சைவ சித்தாந்தத்துக்கு இரண்டும் உடன்பாடில்லை. உயிர் என்றும் உள்ளது. அதன் அறிவை மறைப்பது ஆணவ மலம் என்னும் அழுக்கு. உயிர் உண்டு என நிறுவவே, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் 3ஆம் சூத்திரம் எழுந்தது. ‘எனது உடல்’ என்று சொல்பவர் உடலாகவே இருக்க முடியாதே!

ரமணர் காட்டிய ‘நான் யார்’ என்னும் விசாரத்தை, அதாவது தன்னையே ஆராயும் முறையைப் பழகுவோரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எண்ணம் எழுந்ததும் ‘இது யாருக்கு?’ என்று கேட்க வேண்டும். ‘எனக்கு’ என்று தோன்றும். உடனே அந்த ‘நான்’ எழும் இடத்தை நோக்கிக் கவனத்தைத் திருப்ப வேண்டும். பலர் ‘நான் யார்’ என்பதை மந்திரம் போல உருப்போடுகிறார்கள். சிலர் ‘நான் பிரம்மம்’ என்று விடையை முன்கூட்டியே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் புதிய எண்ணம் ஒன்று சேர்கிறதே தவிர, கவனம் திரும்புவதில்லை.

துயரத்தில் இருப்பவரிடம் ‘உன் வலியும் மாயை’ என்பது இன்னும் மோசம். உயிரை மறுக்கும் பௌத்தமே துக்கத்தைத் தன் நான்கு வாய்மைகளில் (உண்மைகளில்) முதலாவதாக வைத்துத்தான் தொடங்குகிறது.